உலக்கைக்குப் பூண், பல்லுக்குக் கிரவுன்

உலக்கையின் முனையில் இரும்புப் பூண் போடுவது மரம் நெடுக்கே பிளக்காமல் இருக்க. குத்துகிற வேகத்தை மரம் தாங்கிவிடும். ஆனால் விளிம்பில் ஒரு கீறல் விட்டுவிட்டால் அடுத்தடுத்த குத்தில் அந்தக் கீறல்தான் நீளும். கடைவாய்ப் பல்லின் நிலையும் ஏறக்குறைய இதே. சொத்தையைத் தோண்டியெடுத்ததில் நடுப்பகுதியை இழந்த பல், ஒவ்வொரு கடிக்கும் ஆப்பு வைத்தது போல வெளிப்பக்கமாக விரிகிறது. ஒரு நாள் முறுக்கைக் கடிக்கும்போது ஒரு பக்கச் சுவர் உடைந்து நாக்கில் வந்து விழும். உடைவு ஈறுக்கு மேலே நின்றால் பிழைத்தோம். வேர்வரை போய்விட்டால் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

கிரவுன் என்பது அந்தப் பூண்தான். பல்லைச் சுற்றிலும் செதுக்கி, ஈறின் ஓரம் வரை முழுவதும் மூடும்படி செய்து ஒட்டப்படும் உறை. ஊரில் கேப் என்பார்கள், சிங்கப்பூர் கிளினிக்குகளில் கிரவுன் என்பார்கள், அச்சில் பல் உறை என்று வரும். மூன்றும் ஒன்றே. அது சொத்தையைக் குணப்படுத்தாது, செத்த நரம்பை உயிர்ப்பிக்காது, ஆடுகிற பல்லை இறுக்காது. மிச்சமிருக்கும் பல்லைப் பிளக்காமல் பிடித்துக்கொள்ளும், கடிக்கும் வடிவத்தைத் திருப்பித் தரும், அவ்வளவுதான். ஆகவே கிரவுன் எவ்வளவு விலையுயர்ந்தது என்பதைவிட, அதற்கு அடியில் எவ்வளவு பல் மிச்சம் இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி.

ஃபில்லிங் எப்போது போதாது?

பல்லின் வெளிப்புறம் எனாமல். உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான் என்றாலும், கடிக்கும் மேடுகளில்கூட அதன் தடிமன் 2 முதல் 2.5 மி.மீ. மட்டுமே. அதற்குள்ளே சற்று மென்மையான டென்டின். நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பற்கூழ். சின்னச் சொத்தை என்றால் அழுகியதை எடுத்துவிட்டுப் பல் நிறத்தில் ஃபில்லிங் வைத்தால் போதும். குழியின் அகலம் பல்லின் மேற்பரப்பில் பாதியைத் தாண்டிவிட்டால் கதை மாறுகிறது. சுற்றியுள்ள சுவர்கள் மெலிந்துவிடும். ஃபில்லிங் குழியை நிரப்புமே தவிர, சுவர்களைச் சுற்றிக் கட்டாது. கடைவாய்ப் பற்களை இறுக்கிக் கடிக்கும்போது அவற்றின் மீது 50 கிலோவுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமமான அழுத்தம் விழக்கூடும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கிரவுன் அதிகம் தேவைப்படுவது ரூட் கெனால், அதாவது வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்கு. நரம்பை எடுத்ததால் பல் காய்ந்து நொறுங்கிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவது முழு உண்மை அல்ல. பலவீனத்துக்கு முக்கியக் காரணம், சொத்தையும் வேர்க்குழாயைத் தேடித் துளைத்த துளையுமாகச் சேர்ந்து பல்லின் நடுத்தூணையே எடுத்துவிட்டதுதான். வேர் சிகிச்சைக்குப் பிறகு வலி நின்றுவிடும். வலி நின்றதும் பலரும் கிளினிக்குப் பக்கமே போவதில்லை. ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பல் இரண்டாகப் பிளந்து வருகிறது. வேர் சிகிச்சைக்குச் செலவழித்த பணமும் அதோடு போகிறது. கடைவாய்ப் பல் என்றால் சில வாரங்களுக்குள் கிரவுனைப் போட்டுவிடுவதே நல்லது.

இன்னொரு காரணம் கீறல் விட்ட பல். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: கடிக்கும்போது அல்ல, கடித்ததை விடும்போது சுரீர் என்று வலிக்கும். எக்ஸ்-ரேயில் கீறல் பெரும்பாலும் தெரியாது. மருத்துவர் ஒவ்வொரு மேட்டிலும் சிறு பிளாஸ்டிக் துண்டை வைத்துக் கடிக்கச் சொல்லித் தேடுவார். கீறல் மேல்பகுதியோடு நின்றால் கிரவுன் காப்பாற்றும். வேருக்குள் இறங்கியிருந்தால் எந்தக் கிரவுனும் உதவாது.

தேவையில்லாத இடங்களையும் சொல்ல வேண்டும். முன்பல்லில் வேர் சிகிச்சை செய்து, பின்புறம் சின்னத் துளை மட்டும் இருந்தால் ஃபில்லிங் போதுமானது. ஒரே ஒரு மேடு உடைந்த கடைவாய்ப் பல்லுக்கு, பல்லின் ஒரு பகுதியை மட்டும் மூடும் 'ஆன்லே' வைக்கலாம். முன்பற்கள் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஆரோக்கியமான பல்லைச் செதுக்கிக் கிரவுன் போடுவது வேண்டாத வேலை. முழுக் கிரவுனுக்காகச் செதுக்கும்போது பல்லின் வெளித்தெரியும் பகுதியில் பாதிக்கும் மேல் போய்விடும். எனாமல் மறுபடி வளராது. ஒரு முறை கிரவுன் போட்ட பல்லுக்கு ஆயுள் முழுக்கக் கிரவுன் வேண்டும்.

2 மி.மீ. கணக்கு

கிரவுனின் ஓரம் ஃபில்லிங் மீது உட்காரக்கூடாது. சொந்தப் பல்லின் மீது உட்கார வேண்டும். ஈறுக்கு மேலே சுற்றிலும் ஏறத்தாழ 2 மி.மீ. உயரத்துக்காவது உறுதியான இயற்கைப் பல் இருந்து, அதைக் கிரவுன் கட்டிப்பிடித்தால்தான் பூண் பூணாக வேலை செய்யும். பல் மருத்துவப் பாடத்திலும் இந்த வளையத்துக்குப் பெயர் பூண் என்ற பொருள்படும் சொல்தான். அந்த வளையம் இல்லாமல் வெறும் ஃபில்லிங் பொருளின் மீது கிரவுன் மாட்டினால் சில வருடங்களில் கிரவுனும் உள்ளிருப்பதும் ஒன்றாகக் கழன்று கையில் வரும், அல்லது வேர் பிளக்கும்.

பல் மிகவும் சிதைந்திருந்தால், கிரவுன் பிடித்து நிற்பதற்காக முதலில் உள்ளே ஃபில்லிங் பொருளால் ஒரு மையத்தைக் கட்டுவார்கள். வேர் சிகிச்சை முடிந்த பல்லில் அந்த மையம் நிற்க இடமில்லை என்றால், வேர்க்குழாய்க்குள் ஃபைபர் அல்லது உலோகத்தால் ஆன சிறு குச்சி ஒன்றை இறக்குவார்கள். அதற்குப் பெயர் போஸ்ட். போஸ்ட் வைத்தால் பல் வலுப்படும் என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அது மையத்தைப் பிடித்து நிறுத்துகிறது, வேரை வலுப்படுத்துவதில்லை. தடித்த போஸ்டுக்காக வேரை அதிகம் குடைந்தால் வேர் பிளக்கும் அபாயம்தான் கூடும். ஈறுக்கு மேலே பல் போதவில்லை என்றால், ஈறையும் எலும்பையும் சிறிது குறைத்து வேரை வெளிக்கொணரும் சிறு அறுவைச் சிகிச்சை உண்டு. அதுவும் முடியாதபோது பல்லை எடுத்துவிட்டு இம்பிளாண்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர் பற்றிப் பேசுவதே நேர்மை.

கிரவுன் போடச் சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "டாக்டர், சொத்தையை எடுத்த பிறகு ஈறுக்கு மேலே எவ்வளவு பல் மிஞ்சும்?" பழைய ஃபில்லிங்கை எடுத்துப் பார்க்காமல் இதற்குத் துல்லியமாகப் பதில் சொல்ல முடியாது. "எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்கிற மருத்துவரைத் தயங்காமல் நம்பலாம்.

தங்கமா, பீங்கானா, சிர்கோனியாவா

தாத்தா காலத்துத் தங்கப் பல்லைப் பார்த்துச் சிரித்தவர்கள் நாம். பொறியியல் கண்ணோடு பார்த்தால் கடைவாய்க்கு அதைவிடச் சிறந்த கிரவுன் இன்னும் வரவில்லை எனலாம். மெல்லிசாகச் செய்யலாம் என்பதால் பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும், உடையாது, எதிர்ப் பல்லையும் தேய்க்காது. சிராங்கூன் சாலை நகைக்கடையில் வாங்கும் 916 தங்கம் இதற்கு மென்மை கூடியது. வெள்ளி, செம்பு, பல்லேடியம் போன்றவற்றைக் கலந்து கடினமாக்கிய கலவையைத்தான் பயன்படுத்துகிறார்கள். தங்கத்தின் விலையும் நிறமும் சேர்ந்து இன்று அதை ஓரங்கட்டிவிட்டன.

அடுத்து வந்தது, உள்ளே உலோகம், வெளியே பீங்கான். இன்றும் போடுகிறார்கள், விலையும் ஓரளவு குறைவு. அதன் குறைகள் இரண்டு. மேலே படிந்த பீங்கான் சில்லாகப் பெயரலாம். ஈறு சற்று இறங்கினால் ஓரத்தில் சாம்பல் நிறக் கோடு தெரியும். மலிவான உலோகக் கலவையில் நிக்கல் இருக்கலாம் என்பதால், போலி நகை போட்டால் தோல் அரிக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இப்போது அதிகம் கேள்விப்படுவது சிர்கோனியா. வெள்ளை நிறமுடைய, மிக வலுவான செராமிக். கட்டியாக வந்ததை இயந்திரம் கடைந்தெடுத்து, ஏறத்தாழ 1500 டிகிரி சூட்டில் சுடுவார்கள். சூட்டில் அது 20 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கும். அதனால் முதலில் பெரிதாகக் கடைந்து, சுட்டு, சரியான அளவுக்குக் கொண்டுவருவார்கள். சுருக்கத்தின் கணக்கு கணினியில் இருக்கிறது. கடைவாய்க்கும், இரவில் பல்லைக் கடிப்பவர்களுக்கும் ஏற்றது. முழுச் சிர்கோனியாவில் ஒளி ஊடுருவுவது குறைவு என்பதால் முன்பல்லில் சுண்ணாம்பு போலத் தெரியக்கூடும், ஆனால் புதிய ரகங்களில் இது மேம்பட்டிருக்கிறது. கடிப்பைச் சரிசெய்ய ராவிய இடத்தை மறுபடி பளபளப்பாக்காமல் விட்டால் எதிர்ப் பல்லை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ராவிய பிறகு நாக்கால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

லித்தியம் டைசிலிக்கேட் என்பது கண்ணாடி வகைச் செராமிக். சந்தையில் இ-மேக்ஸ் என்ற பெயரில் பலருக்கும் தெரியும். வலிமையில் சிர்கோனியாவுக்குப் பாதிகூட இல்லை, ஆனால் அழகில் இயற்கைப் பல்லுக்கு மிக அருகில் வரும். முன்பற்களுக்கும் முன்கடைவாய்ப் பற்களுக்கும் நல்ல தேர்வு. சில கிளினிக்குகளில் ஒரே நாளில் கிரவுன் செய்து தரும் இயந்திரத்தில் இந்தக் கட்டியைத்தான் கடைகிறார்கள். கடையும்போது ஊதா நிறத்தில் இருக்கும். உலையில் சுட்ட பிறகுதான் பல் நிறத்துக்கு வரும். அந்த ஊதா நிறத்தைப் பார்த்துப் பதற வேண்டாம்.

குழந்தைகளின் பால்பல்லுக்கு இவை எதுவும் வேண்டாம். ஆயத்தமாகக் கிடைக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கிரவுன் போதும். பால்பல் விழும்போது அதுவும் சேர்ந்து விழுந்துவிடும்.

எவ்வளவு ஆகும், யார் தருவார்கள்

சிங்கப்பூரில் தனியார் கிளினிக்கில் ஒரு கிரவுனுக்குப் பொதுவாக 800 முதல் 2,000 வெள்ளி வரை கேட்கிறார்கள். பொருள், ஆய்வுக்கூடம், மருத்துவரின் அனுபவம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். இந்தத் தொகைக்குள் என்ன அடங்கும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. எக்ஸ்-ரே, உள்மையம், போஸ்ட், தற்காலிகக் கிரவுன், 9 விழுக்காடு பொருள் சேவை வரி ஆகிய எல்லாம் சேர்த்தா, தனியாகவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வேர் சிகிச்சைக்குத் தனிப் பில் வரும். கடைவாய்ப் பல் என்றால் அது கிரவுனுக்கு இணையான தொகையாகவே இருக்கலாம்.

சாஸ் எனப்படும் சமூகச் சுகாதார உதவித் திட்டத்தின் நீலம், ஆரஞ்சு அட்டைகள், மெர்டேக்கா தலைமுறை, முன்னோடித் தலைமுறை அட்டைகள் வைத்திருக்கும் குடிமக்களுக்கு, திட்டத்தில் சேர்ந்துள்ள கிளினிக்குகளில் நிரந்தரக் கிரவுனுக்கு மானியம் உண்டு. பல்லைக் காப்பாற்றும் சிகிச்சைகளுக்கான தொகை 2025-இல் திருத்தப்பட்டது. ஆகவே பக்கத்து வீட்டு அண்ணனுக்கு முன்பு கிடைத்த தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மத்திய சேமநிதியில் உள்ள மருத்துவச் சேமிப்பான மெடிசேவின் விதிகள் பல் அறுவைச் சிகிச்சையை மையமாக வைத்து எழுதப்பட்டவை: இம்பிளாண்ட் பதிப்பது, அறுத்து எடுக்க வேண்டிய ஞானப்பல் போன்றவை. சாதாரணக் கிரவுனுக்கு மெடிசேவ் கைகொடுக்கும் என்று நம்பிச் செதுக்க உட்கார்ந்துவிட வேண்டாம். 60 வயது நிரம்பியவர்கள், மூத்தோருக்கான ஃப்ளெக்சி-மெடிசேவ் பற்றி முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளலாம்.

பலதுறை மருந்தகத்தின் பல் பிரிவில் ஃபில்லிங், பல் பிடுங்குதல், சுத்தம் செய்தல் போன்ற அடிப்படைச் சிகிச்சைகளே முக்கியம். கிரவுன் போன்றவற்றுக்கு அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் ஊட்ரமில் உள்ள தேசியப் பல் மருத்துவ நிலையத்துக்கோ, கெண்ட் ரிட்ஜில் உள்ள தேசியப் பல்கலைக்கழக வாய்நல நிலையத்துக்கோ அனுப்புவார்கள். மானிய விலை கிடைக்கும், காத்திருக்கவும் வேண்டியிருக்கும். உடைந்துகொண்டிருக்கும் பல் காத்திருக்காது. அதற்குள் ஒரு தற்காலிக மூடலாவது போட்டுவிடச் சொல்லுங்கள்.

வேலை அனுமதியில் இருப்பவர்களும் நிரந்தரவாசிகளும் நிறுவனக் காப்புறுதியைப் பார்க்க வேண்டும். பல காப்புறுதிகளில் சுத்தம் செய்வதும் ஃபில்லிங்கும் இருக்கும், கிரவுன் இருக்காது. இருந்தாலும் ஆண்டு வரம்பு சில நூறு வெள்ளிதான்.

பிறகு ஜொகூர் பாரு. கடற்பாலத்தைத் தாண்டினால் செலவு குறையும் என்பது உண்மை. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறபோது திருச்சியிலோ சென்னையிலோ முடித்துவிடலாம் என்பதும் நம்மிடையே பழக்கம். இரண்டிலும் நல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: கிரவுன் ஒட்டி முடித்த பிறகு வரும் இரண்டு மூன்று வாரங்களில்தான் கடிப்பில் உறுத்தல், கூச்சம், நரம்பு வலி எல்லாம் தலைகாட்டும். அப்போது நீங்கள் செங்காங்கில் இருப்பீர்கள், செய்தவர் தில்லைநகரில் இருப்பார். ஊரில் செய்வதாக இருந்தால் விடுமுறையின் முதல் நாளே தொடங்குங்கள், புறப்படும் முன் குறைந்தது ஒரு வாரம் மென்று பாருங்கள். எந்தப் பொருள், எந்தப் பிராண்டு என்ற அட்டையையும் எக்ஸ்-ரேயின் படியையும் வாங்கி வையுங்கள். பிற்காலத்தில் கிரவுனைத் துளைக்க நேரும் மருத்துவருக்கு அந்தத் தகவல் தேவைப்படும்.

முதல் நாள்

ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். எக்ஸ்-ரே எடுத்து வேர் நுனியில் சீழ் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நரம்பு உயிருடன் இருக்கிறதா என்று குளிர்ந்த பஞ்சை வைத்துச் சோதிப்பார்கள். இந்தச் சோதனையைத் தாண்டிப் போகக்கூடாது; சாகக் கிடக்கும் நரம்பின் மேல் புதுக் கிரவுனை ஒட்டிவிட்டுப் பிறகு அதையே துளைப்பது இருவருக்கும் நட்டம்.

நிறம் பார்ப்பது செதுக்குவதற்கு முன். ஏ, பி, சி, டி என்று நான்கு குடும்பங்களாக வரிசைப்படுத்திய மாதிரிப் பற்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ஏ2, ஏ3 போன்ற எண்கள் காதில் விழும். வாயைத் திறந்தே வைத்திருந்தால் பல் காய்ந்து, இருப்பதைவிட வெளுப்பாகத் தெரியும். அதனால்தான் முதலில் செய்கிறார்கள். முன்பல் என்றால் சன்னல் வெளிச்சத்திலும் பார்க்கச் சொல்லுங்கள், உதட்டுச்சாயம் பூசிப் போகாதீர்கள். பற்களை வெளுக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்து இரண்டு வாரமாவது விட்டுவிட்டுக் கிரவுன் நிறத்தை எடுக்க வேண்டும். கிரவுனை எந்த மருந்தும் வெளுக்காது.

மரத்துப்போகும் ஊசி போட்ட பிறகு பழைய ஃபில்லிங்கையும் சொத்தையையும் எடுத்து, மையத்தைக் கட்டிச் செதுக்குவார்கள். செராமிக் என்றால் மேற்புறத்தில் 1.5 முதல் 2 மி.மீ., பக்கங்களில் 1 முதல் 1.5 மி.மீ. முழுச் சிர்கோனியாவுக்கும் உலோகத்துக்கும் இதைவிடக் குறைவு. பக்கங்கள் மேலே போகப் போக மிகச் சிறிதாகக் குறுகும். அதிகம் குறுகினால், கவிழ்த்த கூம்பின் மேல் தொப்பி வைத்தது போல, கிரவுன் அடிக்கடி கழன்று வரும். போதுமான அளவு செதுக்காவிட்டால் கிரவுன் மெல்லியதாகி உடையும், அல்லது பல் குண்டாகத் தெரியும். எல்லா வேலையும் இந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள்தான் நடக்கிறது.

அடுத்து, ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் மெல்லிய நூலைச் செருகி ஈறைச் சற்று விலக்குவார்கள். ஓரம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. பிறகு சிலிக்கோன் பசையால் அச்சு, அல்லது சிறு கேமராவால் ஸ்கேன். குமட்டல் வருபவர்களுக்கு ஸ்கேன் நிம்மதி. எது எடுத்தாலும், அந்த நேரத்தில் ஈறில் இரத்தம் கசிந்தால் ஓரம் மங்கிவிடும். ஓரம் மங்கிய அச்சில் ஆய்வுக்கூடம் ஊகித்துத்தான் கிரவுன் செய்யும். ஈறு வீங்கியிருக்கிறது, முதலில் சுத்தம் செய்து இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று மருத்துவர் சொன்னால் அது உங்களுக்குச் செய்யும் உதவி.

தற்காலிகக் கிரவுனோடு ஒன்றிரண்டு வாரம்

உண்மையான கிரவுன் வரும்வரை பிளாஸ்டிக்கால் ஆன தற்காலிகக் கிரவுனை இளகிய பசையால் ஒட்டி அனுப்புவார்கள். எளிதில் கழற்ற வேண்டும் என்பதற்காகவே பசை இளகியது. மரப்பு இரண்டு மூன்று மணி நேரத்தில் போகும். அதுவரை சாப்பிட வேண்டாம், கன்னத்தையே கடித்துக்கொள்வீர்கள்.

அந்த நாள்களில் மறுபக்கத்தில் மெல்லுங்கள். ஒட்டும் பண்டங்கள் ஆகாது: கடலை மிட்டாய், அல்வா, பாக்வா, நோன்யா குவே. கடினமானவையும் ஆகாது: சீடை, ஐஸ் கச்சாங்கின் பனித்துகள், நண்டின் ஓடு. சூப் தூலாங் எலும்பை உறிஞ்சலாம், கடிக்காதீர்கள். சூயிங்கம் இங்கே 1992 முதல் சாதாரணக் கடைகளில் கிடைப்பதில்லை என்பதால் அந்தத் தொல்லை பாதி இல்லை. பல் இடுக்கு நூலைப் பயன்படுத்தும்போது மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உருவி எடுங்கள்.

தற்காலிகக் கிரவுன் கழன்றுவிட்டால், 'அடுத்த வாரம்தான் போகப் போகிறோமே' என்று விட்டுவிடக்கூடாது. செதுக்கிய பல் கூசும் என்பது சின்ன விஷயம். பக்கத்துப் பற்கள் வெற்றிடத்தை நோக்கிச் சாய்வதும், எதிர்ப் பல் நீள்வதும், ஈறு ஓரத்தின் மேல் வளர்வதும் சில நாள்களிலேயே தொடங்கலாம். அப்புறம் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த கிரவுன் உட்காராது. கிளினிக்கை அழையுங்கள். போகும்வரை மருந்துக்கடைத் தற்காலிகப் பசையால், அதுவும் இல்லையென்றால் துளி பற்பசையால் ஒட்டி வைக்கலாம். சூப்பர் குளூ மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம்.

ஒட்டும் நாள்

பசை போடுவதற்கு முன் இருப்பதுதான் உங்கள் கடைசி வாய்ப்பு. ஒட்டிய பிறகு கழற்ற வேண்டுமானால் கிரவுனை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கண்ணாடி கேளுங்கள். மருத்துவர் நூலைப் பக்கத்துப் பல் இடுக்கில் விடுவார்: சிறு தடையோடு 'டக்' என்று இறங்க வேண்டும். தடையே இல்லாமல் இறங்கினால் அங்கே உணவு சிக்கும். இறங்கவே மறுத்தால் இடுக்கு இறுக்கம், கிரவுன் முழுதாக உட்காரவில்லை என்று பொருள். கூர்முனைக் கருவியால் ஓரத்தைச் சுற்றிலும் தடவிப் படி தட்டுகிறதா என்று பார்ப்பார். வண்ணத் தாளைக் கடிக்க வைத்து மேடுகளை ராவுவார்.

கடிப்பு விஷயத்தில் வெட்கப்படாதீர்கள். தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த மேட்டையும் உங்கள் பற்கள் உணரும். மருத்துவரின் தாளைவிட அது நுட்பமானது. ஆனால் ஊசி மரப்பில் அந்த உணர்வு மழுங்கியிருக்கும். அதனால் மறுநாள் 'அந்தப் பல் முதலில் இடிக்கிறது' என்று தோன்றினால் உடனே திரும்பப் போங்கள். 'பழகிவிடும்' என்று விட்டால், இடிபடும் பல் வேர் நுனியில் வலிக்கத் தொடங்கும், பீங்கான் சில்லு பெயரும். ராவுவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

வழிந்த பசையை ஈறுக்கடியில் விட்டுவிட்டால் ஈறு தொடர்ந்து சிவந்து இரத்தம் கசியும். ஒரு வாரம் கழித்தும் அந்தப் பல்லைச் சுற்றி மட்டும் இரத்தம் வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

பிறகு வரும் தொல்லைகள்

நரம்பு உயிருள்ள பல்லில் இரண்டு வாரம் வரை குளிர்ச்சிக்குக் கூசுவது இயல்பு. சூடான காப்பி குடித்தால் வலி எழும்பி நெடுநேரம் நிற்பது, இரவில் தானாகத் துடிப்பது இயல்பல்ல. நரம்பு சாகிறது. செதுக்கிய அதிர்ச்சியும் பழைய ஆழமான சொத்தையும் சேர்ந்து, கிரவுன் போட்ட சில பற்களில் மாதங்களோ வருடங்களோ கழித்து இது நடக்கும். மருத்துவரின் தவறு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். கிரவுனில் சிறு துளை போட்டு அதன் வழியே வேர் சிகிச்சை செய்து, துளையை அடைத்துவிடலாம்.

நீண்ட காலத்தில் கிரவுனைத் தோற்கடிப்பது பெரும்பாலும் ஓரம்தான். நன்றாகச் செய்த கிரவுனிலும் பல்லுக்கும் உறைக்கும் இடையே பசை நிரம்பிய இடைவெளி இருக்கும். 0.1 மி.மீ. வரை ஏற்கத்தக்கது என்பார்கள். ஒரு பாக்டீரியாவின் அளவோ ஏறத்தாழ 0.001 மி.மீ. நூறு பேர் தோளோடு தோள் உரசி நுழையக் கூடிய வாசல் அது. சிர்கோனியா சொத்தையாகாது, தங்கம் சொத்தையாகாது. அந்த வாசலில் தொடங்கும் சொத்தை அடியில் உள்ள பல்லைத் தின்னும். வேர் சிகிச்சை செய்த பல்லில் நரம்பு இல்லை என்பதால் வலி என்ற எச்சரிக்கையும் இல்லை. வாய் நாற்றம், கெட்ட சுவை, கிரவுன் லேசாக அசைவது ஆகியவைதான் அறிகுறி.

இதனால்தான் துலக்கும்போது கிரவுனின் முகத்தைவிட ஈறோடு சேரும் கோட்டைக் கவனிக்க வேண்டும். ஃப்ளூரைடு பற்பசை, இரவில் நூல் அல்லது இடுக்குத் தூரிகை. நாளெல்லாம் சீனி போட்ட தே தாரிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுபவர்களுக்கும், மருந்துகளால் வாய் உலர்ந்த முதியவர்களுக்கும், நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் இந்த ஓரம் விரைவில் கெடும். இரவில் பல்லைக் கடிப்பவர்கள் இரவுக் கவசம் போட்டுக்கொள்ளாவிட்டால் எந்தப் பொருளும் தப்பாது. கவனித்துக்கொண்டால் ஒரு கிரவுன் 10 முதல் 15 வருடம் தாங்கும். அதைத் தாண்டி ஓடுவனவும் நிறைய உண்டு.

கிரவுன் சாப்பாட்டின் நடுவே கழன்று வந்தால் அதைத் தண்ணீரில் அலசிச் சிறு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். உள்ளே பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். வெறும் பசை மட்டும் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் சுத்தம் செய்து திரும்ப ஒட்டிவிடலாம். உள்ளே பல்லின் துண்டோ கருத்த மாவு போன்ற சொத்தையோ இருந்தால் பல்லே உடைந்திருக்கிறது. மறுபடியும் அந்த 2 மி.மீ. கணக்கிலிருந்து தொடங்க வேண்டும். விழுங்கிவிட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தானாக வெளியேறும். விழுங்கிய நேரத்திலிருந்து இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். அப்போது பல் மருத்துவரை அழைக்காமல் நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மூச்சு முட்டினால் 995-இல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.